அலைமறையின் கடைசிப் பாட்டு

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், மணலி ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் குழாய்க்குள் ஓடுவது என்ன என்று தேடி, ஓய்வு பெற்ற பிறகு மறைநூலுக்குள் ஓடுவது என்ன என்று தேடிக்கொண்டிருக்கும் எங்கள் ‘மறை தேடுவோர் மன்ற’த் தலைவர் அன்பரசன் அவர்களே! இந்த விழாவுக்கு மணல் தந்து, மணலில் விரிக்கப் பாய் தந்து, பாயில் அமர மக்களையும் தந்த சங்குமேட்டுக் குப்பத்தின் பெரிய நாட்டார் வெற்றி அவர்களே! ராயபுரத்துத் தேவாலயப் பாடற்குழுவின் குன்றாத குரல் லூர்து அவர்களே! அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, அரை மனதை அங்கே வைத்துவிட்டு, மீதி மனதோடு இங்கே வந்திருக்கும் பிரியாணிக் கடை ஜெரினா அவர்களே! கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடலைக் காலையிலும் கரையை மாலையிலும் ஆளும் பெரியோர்களே! வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் என்னோடு ஒரே ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து வந்த உறவுகளே! மாத்தூரிலிருந்து முதன்முறை வருகை தந்திருக்கும் விருந்தினர்களே!

எல்லோரையும் சொன்னேன், ஒருவரைச் சொல்லவில்லை. முதல் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ‘என்னைப் பற்றி மட்டும் பேசிவிடாதே’ என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாளே, இந்த ஊரின் முன்பாட்டுக்காரி மலர்! மலரே, உன்னைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஓடிவிடாதே. அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

என்னை உங்களுக்குத் தெரியும். மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியிலே செவிலியாக வேலை பார்த்தவள். இங்கே மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீரர்களில் பாதிப் பேரை முதன்முதலில் தலைகீழாகப் பார்த்தவள் நான்! சிரிக்காதீர்கள். யார் யார் அழுதீர்கள், யார் யார் அடித்த பிறகு அழுதீர்கள் என்பதெல்லாம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ‘நர்சம்மா, நர்சம்மா’ என்று ஊரே அழைக்கும் எனக்கு, ரமாபாய் என்று ஒரு பெயர் உண்டு என்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் இருந்த ஒரே மனிதரும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பெயரை நான் வாக்குச்சாவடியில் மட்டும்தான் கேட்கிறேன். அது இருக்கட்டும். பேச வந்த பொருளுக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு என்ன? ‘இறைவன் மறைத்தான், மனிதன் தேடினான்.’ அடடா, எவ்வளவு அழகான தலைப்பு! எதற்காக மறைத்தான்? எங்கே மறைத்தான்? மறைத்தவனைத் தேடுவதா, மறைத்ததைத் தேடுவதா? மண்ணைத் தோண்டினால் தண்ணீர் வரும், எங்கள் மணலிப் பக்கம் தோண்டினால் தண்ணீரோடு வேறு என்னென்னவோ வரும். ஆனால் மறைநூலைத் தோண்டினால் என்ன வரும்? புத்தர் வழி நடக்கும் வீட்டில் பிறந்தவள் நான். ‘சொன்னதை அப்படியே நம்பாதே, சோதித்துப் பார்’ என்று சொல்லி வளர்த்தார்கள். அதனால்தானோ என்னவோ, எந்த மதத்து நூலைக் கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். இந்த வரிக்கு அடியிலே இன்னொரு வரி இருக்குமோ? இந்தச் சொல்லுக்குப் பின்னாலே இன்னொரு சொல் நிற்குமோ? இந்தப் பரபரப்பு உள்ளவர்கள் ஒன்றுகூடிய இடம்தான் எங்கள் மன்றம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுவோம், தேடுவோம், சண்டை போடுவோம், தேநீர் குடிப்போம், கலைவோம். கண்டுபிடித்தது என்ன என்று கேட்காதீர்கள். கேட்டால் தலைவர் பதில் சொல்லத் தொடங்குவார். பிறகு நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது!

மாத்தூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் குப்பத்துக்கு ஒரு வேதம் உண்டு. ஏட்டில் இல்லாத வேதம், எழுத்தில் ஏறாத வேதம். அதன் பெயர் அலைமறை. காவல் தெய்வம் கன்னியம்மன் மீது பாடப்படுவது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும் அந்த முதல் விடியலில், கிழக்கு வெளுக்கும் நேரத்தில், அது பாடப்படும்.

எப்படிப் பாடுவார்கள் தெரியுமா? அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு படகை நங்கூரமிட்டு நிறுத்துவார்கள். அதில் முன்பாட்டுக்காரர் ஒருவர் மட்டும் கரையைப் பார்த்து நிற்பார். வேறு யாரும் அதில் ஏறக் கூடாது. மற்ற படகெல்லாம் மணலில் கிடக்கும். கரையிலே கோயில் பக்கம் பெண்கள், அலைத்தடுப்புக் கல் கொட்டிய பக்கம் ஆண்கள். முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாட, கரை அதைத் திருப்பிப் பாடும்.

‘ஆழி பிறந்த அன்றே பிறந்தவளே,
ஆழம் அளந்தவர்க்கும் அடங்காத தாயே!’

இப்படிப் போகும் பாட்டு, ஏறி ஏறிப் போய், கடைசியாக ஓர் இடத்துக்கு வந்து நிற்கும்.

‘பாடிய பாட்டு ஓய்ந்தது தாயே,
இனி வருவதைக் கேளாய்!’

இனி வருவதைக் கேளாய்! சரி, அடுத்து என்ன வரும்? அங்கேதான் மர்மம்! அடுத்த பாட்டை முன்பாட்டுக்காரர் வாய்விட்டுப் பாட மாட்டார். உதடு மட்டும் அசையும், ஒலி வராது. அதுதான் அலைமறையின் கடைசிப் பாட்டு. ஒரு முன்பாட்டுக்காரர் அடுத்தவர் காதில் மட்டும் ஓதிவிட்டுப் போகும் பாட்டு. அதைப் பாடினால் புயல் திரும்பும் என்பார் சிலர். உரிமை இல்லாதவர் கேட்டால் செவி அடைத்துப் போகும் என்பார் சிலர். அந்த நேரத்தில் கரையில் இருக்கும் சனம் என்ன செய்யும்? கத்தும்! அவரவர் வாய்க்கு வந்ததைக் கத்தும். ஏன் என்று கேட்டால், ‘மறை யார் காதிலும் விழக் கூடாது, அதனால்தான் சத்தம் போட்டு மூடுகிறோம்’ என்பார்கள். பரம்பரை பரம்பரையாக அப்படித்தான் சொன்னார்கள். அப்படித்தான் நம்பினார்கள்.

முன்பாட்டுக்காரராக இருந்தவர் திருமலை. சிங்கக் குரல், சின்னக் குழந்தையின் சிரிப்பு. அவருக்குப் பின்பாட்டு மலர். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் இந்த மலர், அவர் அண்ணன் மகள். ‘சித்தப்பா, அந்தக் கடைசிப் பாட்ட எப்பதான் சொல்லுவ?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவரும், ‘ஏம்மே அவசரப்படுற? நேரம் வரும்போது தானா வரும்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நேரம் வந்தது, ஆனால் பாட்டுக்கான நேரம் வரவில்லை. தடைக்காலத்தில் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து யாரோ சொன்னதற்குச் சிரித்தார். சிரித்தபடியே சாய்ந்தார். அவ்வளவுதான்.

மலர் அழுதாள். ஊர் அழுதது. அழுது முடித்த பிறகு ஊருக்கு உறைத்தது: ஐயோ, மறையை யாருக்கும் ஓதாமல் போய்விட்டாரே!

பெரிய நாட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன். ஊரைக் கூட்டி அவர் சொன்னார்: ‘பொம்பள படகுல ஏறக் கூடாதுன்னு நான் சொல்லல. மறை தெரிஞ்சா ஏறு. மறை தெரியாம ஏறினா அது பாட்டு இல்ல, வெறும் கத்தல். மறை இல்லன்னா அலைமறை இந்த வருசத்தோட முடிஞ்சுது. ஆத்தா முன்னாடி அரைகொறையா நிக்க எனக்குத் தைரியம் கெடையாது.’

கவனியுங்கள், அவர் கெட்டவராகப் பேசவில்லை. அஞ்சிப் பேசினார். ஆனால் அந்த அச்சத்தின் முன்னே நின்றது யார்? மலர். அவள் நாவிலே இருந்த அத்தனை பாட்டும், அவள் சித்தப்பாவின் குரலும், இந்தக் கரையின் குரலும், ஒரே ஒரு பாட்டு தெரியாத காரணத்தால் அடங்கிப் போக வேண்டிய நிலை!

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். அவள் தப்பிக்க ஒரு வழி இருந்தது, மிக மிகச் சுலபமான வழி. கடைசிப் பாட்டுக்கு ஒலியே கிடையாதே! உதட்டை அசைத்தால் போதுமே! தோழிகள் சொன்னார்கள், ‘மலரு, உனக்குத் தெரியும்னு சொல்லிடும்மே. அங்க போயி சும்மா வாய அசைச்சிடு. எவனுக்கு இன்னா தெரியப் போவுது?’

என்ன சொன்னாள் மலர்? ‘ஏன்க்கா, சந்தையில ஐஸ் போட்ட மீன பச்ச மீனுன்னு சொன்னாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆத்தா முன்னாடி வாய அசைச்சு டபாய்க்கச் சொல்றீங்களே!’

கை தட்டுங்கள்! இதற்குக் கை தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது? தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல அறிவு போதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நெஞ்சம் வேண்டும். நூல் பல கற்றோர் உண்டு, நுட்பம் பல உரைப்போர் உண்டு, ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் நேர்மை எத்தனை பேரிடம் உண்டு?

சரி, நேர்மையான பெண் நேராக எங்கே வந்தாள்? எங்கள் மன்றத்துக்கு வந்தாள். ‘நர்சம்மா, நீங்கோதான் ஒளிச்சு வச்சதெல்லாம் தேடுறவங்களாச்சே. இதையும் தேடிக் குடுங்க’ என்றாள். ஐயா, எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை ஆண்டுகளில் யாரும் எங்களைத் தேடி வந்ததே இல்லை! தலைவர் அன்பரசன் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்!

தலைவர் அலைமறையின் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்துக் கோத்தார். உள்ளே ஒரு செய்தி ஒளிந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. கோத்தார், பார்த்தார், மறுபடி கோத்தார். வந்த சொல் என்ன தெரியுமா? ‘பூரிக்கட்டை’! தலைவரே, முறைக்காதீர்கள், அவையிலே உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பூரிக்கட்டைக்கு ஆன்மிகப் பொருள் உண்டா என்று அந்த ஞாயிறு முழுவதும் விவாதித்தோமா இல்லையா? உருட்ட உருட்ட விரியும் ஆன்மா என்று நான் கூட ஒரு விளக்கம் சொன்னேனே! நான் கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டாகத்தான் இருக்கும் என்று சாதித்தேன். பிரசவ வார்டில் வேலை பார்த்தவளுக்கு எல்லாமே தாலாட்டாகத் தெரியும்.

லூர்து மட்டும் ஒன்று சொன்னார். அவர் இசைக்காரர். கண்ணை மூடிப் பாடிப் பார்த்துவிட்டு, ‘நர்சம்மா, இந்த ராகம் மேல ஏறி அங்கியே நின்னுகினு கீது. எறங்கவே இல்ல. யாரோ பதில் பாட்டு பாடணும்னு காத்துகினு கீற மாரி கீது’ என்றார். நாங்கள் ‘ஆகா’ என்றோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்குப் புரியவில்லை.

அன்று தேநீர் கொண்டுவந்த ஜெரினா ஒரு கேள்வி கேட்டார். ‘ஏன் நர்சம்மா, படகுல பாடுறவரு வாய அசைக்கிற நேரத்துல கரையில கீறவங்க இன்னா பண்ணுவாங்க?’ நான் சொன்னேன்: ‘அது ஒண்ணும் இல்லம்மா, சும்மா கத்துவாங்க.’ ‘இன்னான்னு கத்துவாங்க?’ என்றார். ‘அவங்கவங்க வூட்டு விசயத்த’ என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும் தேநீரோடு சேர்த்துக் குடித்துவிட்டோம்!

தடைக்காலம் முடிந்தது. தேடல் முடியவில்லை. அந்த விடியல் வந்தே விட்டது.

கிழக்கே அத்திப்பட்டுப் பக்கத்துப் புகைபோக்கிகளின் விளக்கு இன்னும் அணையவில்லை... என்னம்மா? ஆமாம், வடக்கே! திருத்தியதற்கு நன்றி. கடலிலே திசை தெரிந்தவர்கள் முன்னே நான் திசை சொல்லக் கூடாது. வடக்கே விளக்குகள், கிழக்கே வெளுப்பு, மேற்கே இருந்து நல்ல காற்று. கரை முழுக்க சனம். நாங்களும் வந்து நின்றோம். மலர் ஊர் முன்னே வந்தாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, தலையைக் குனியவில்லை. பெரிய நாட்டாரைப் பார்த்துச் சொன்னாள்:

‘நாட்டாரே, கடைசிப் பாட்டு எனக்குத் தெரியாது. சித்தப்பா சொல்லாமலே பூட்டாரு. தேடிப் பாத்தேன், கெடைக்கல. தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடுறேன். அந்த எடம் வந்தா வாய மூடிகினு கையெடுத்து நிப்பேன். அசைக்க மாட்டேன், ஏமாத்த மாட்டேன். அதுக்கு மேல ஆத்தா உட்ட வழி.’

பெரிய நாட்டார் கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார். பிறகு சொன்னார், ‘பொய் சொல்லாம வந்து நிக்கிற. அதுக்கோசரம் ஒரு தபா ஏறு. ஆனா மறை வரலன்னா, அடுத்த வருசம் இந்தப் படகு எறங்காது. அத்த நானே கையால கரையேத்திடுவேன். சம்மதமா?’

‘சம்மதம்’ என்றாள் மலர். ஏறினாள்.

பாடினாள்! என் அருமைப் பெரியோர்களே, பாடினாள் என்றா சொல்வது? அவள் குரல் அலை மேல் ஏறி வந்தது. ‘ஆழி பிறந்த அன்றே பிறந்தவளே’ என்று அவள் எடுக்க, கரை திருப்பிப் பாடியது. புத்தம் வணங்கும் நான் பாடினேன், சிலுவை சுமந்த கழுத்தோடு லூர்து பாடினார், முக்காடிட்ட தலையோடு ஜெரினா பாடினார். ஒவ்வொரு பாட்டாக ஏறி ஏறி, அந்த இடம் வந்தது.

‘பாடிய பாட்டு ஓய்ந்தது தாயே, இனி வருவதைக் கேளாய்!’

மலர் வாயை மூடினாள். கையைக் கூப்பினாள். அசையாமல் நின்றாள்.

கரை கத்தியது! வழக்கம் போல் கத்தியது. என் பக்கத்தில் நின்ற அம்மாள் தன் மகன் பெயரைக் கத்தினார். எனக்கு அது ஒன்றுதான் கேட்டது. அதற்கு அப்பால் வெறும் இரைச்சல். ஆண்கள் பக்கம் என்ன கத்தினார்களோ, எனக்குத் தெரியாது. கரையில் நிற்பவனுக்குத் தன் சத்தமும் பக்கத்து ஆளின் சத்தமும்தான் கேட்கும், இல்லையா? கத்தி முடித்துவிட்டுப் பார்த்தோம். படகிலே மலர் சிரிக்கிறாள்! கண்ணிலே தண்ணீர் கொட்டுகிறது, வாயெல்லாம் சிரிப்பு! சித்தப்பாவைப் போலவே சாய்ந்துவிடப் போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் இரண்டு கையாலும் வாயைக் குவித்துக் கூப்பிட்டாள்: ‘நாட்டாரே! நீந்தி வாங்க! ஏறி வந்து கேளுங்க!’

வழக்கப்படி அந்தப் படகில் வேறு ஆள் ஏறக் கூடாது. நாட்டார் தயங்கினார். ஊர் பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டினார், பாய்ந்தார்! இந்த வயதில் என்ன பாய்ச்சல்! ஐயா, மறைக்காதீர்கள், அன்றைக்கு நீங்கள் இளைஞர்தான்! படகைப் பிடித்து ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட மலரின் பக்கத்தில், கரையைப் பார்த்து நின்றார். மலர் கை தூக்கிக் கரைக்குச் சொன்னாள்: ‘இன்னொரு தபா! அதையே கத்துங்க!’

கத்தினோம். என்னவென்று புரியாமலே கத்தினோம்.

மேற்கே இருந்து அடித்த காற்று அந்தக் கூச்சலை அப்படியே அள்ளிக் கொண்டுபோய்ப் படகில் கொட்டியது. எங்களுக்கு இரைச்சலாகப் பட்டது, அங்கே தனித்தனியாகக் கேட்டது. ‘ஆத்தா, எம் புள்ளைய பாத்துக்கோ.’ ‘ஆத்தா, மலேசியா போனவன் திரும்பி வரணும்.’ ‘ஆத்தா, அவளுக்கு இந்த தபாவாவது வயித்துல கரு தங்கணும்.’ அந்தக் குரல்களுக்கு நடுவே, இந்த ஊர்ப் பெண்கள் ஆண்டு முழுக்கச் சொல்லாத சொல் ஒன்றும் கேட்டது. எந்தச் சொல்? புருஷன் பெயர்! ‘அவரு’, ‘எங்க வூட்டுக்காரு’, ‘இன்னாங்க’ என்று மட்டுமே சொல்லும் வாயெல்லாம், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அந்த ஒரு நேரத்தில் மட்டும் பெயரையே சொல்லிக் கூவுகின்றன!

நாட்டாரின் மனைவி சிவந்தி அம்மாள், அதோ மூன்றாவது பாயிலே உட்கார்ந்து ‘போதும் நிறுத்து’ என்று கை காட்டுகிறார். நிறுத்த மாட்டேன் அம்மா! மணமான நாள் முதல் கணவர் பெயரைச் சொல்லாத அந்த வாய், ஆண்டு தோறும் அந்த இரைச்சலுக்குள்ளே ஒளிந்துகொண்டு என்ன கூவியது தெரியுமா? ‘ஆத்தா, என் வெற்றிய முழுசா திருப்பிக் குடு!’

அவர் கேட்டார். தன் பெயரை, தன் மனைவியின் வாயால், முதன்முதலாகக் கேட்டார். புயலுக்கு அசையாத மனிதர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கரைக்கு வந்தவரை ஊர் சூழ்ந்துகொண்டது. ‘இன்னா நாட்டாரே, மறை வந்துச்சா?’ அவர் ஈரத்தைத் துடைத்தாரோ, கண்ணைத் துடைத்தாரோ, ‘வந்துச்சு. இத்தினி வருசமா வந்துகினுதான் கீது. நாமதான் கரையில நின்னுகினு கீறோம்’ என்றார்.

எப்பேர்ப்பட்ட வாக்கு! மறையை மூடத்தான் சத்தம் போடுகிறோம் என்று நினைத்தோமே, அந்தச் சத்தம்தான் ஐயா மறை! முன்பாட்டுக்காரர் சொல்லும் பாட்டு என்று நினைத்தோமே, அது அவர் கேட்கும் பாட்டு! ‘இனி வருவதைக் கேளாய்’ என்று பாட்டே பச்சையாகச் சொன்னதே! ஏறி நின்ற ராகம் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று லூர்து சொன்னாரே! கரையில் இருப்பவர்கள் என்ன கத்துவார்கள் என்று ஜெரினா கேட்டாரே! பூரிக்கட்டை மட்டும்தான் ஐயா பொருந்தவில்லை. தலைவர் அதையும் எப்படியாவது பொருத்திவிடுவார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது!

அப்படியானால் தேடியதெல்லாம் வீணா? இல்லை! தேடாதிருந்தால் மலர் ‘எனக்குத் தெரியாது’ என்று ஊர் முன்னே உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டாள். அப்படிச் சொல்லாதிருந்தால் வாயை மூடியிருக்க மாட்டாள். வாயை மூடாதிருந்தால் காது திறந்திருக்காது. திருமலையின் காதில் அவருக்கு முந்தையவர் என்ன ஓதினார்? உதட்டை அசைத்தபோது அவர் என்ன சொன்னார்? தெரியாது. சிலர் கேட்கிறார்கள், ‘ரகசியம் வெளியாகிவிட்டதே, இனி என்ன மர்மம்?’ என்று. அன்பர்களே, இத்தனை நாளும் வேதம் என்பது கன்னியம்மன் நமக்குச் சொன்ன சொல் என்று இருந்தோம். அதன் கடைசிப் பாட்டோ நாம் அவளுக்குச் சொல்லும் சொல்! நம் கூச்சலுக்கு, நம் கெஞ்சலுக்கு, நாம் வெட்கப்பட்டு மறைத்த பெயருக்கு, வேதத்திலேயே ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறாளே, அதைவிடப் பெரிய மர்மம் உண்டா? அதைவிடப் பெரிய மகிழ்ச்சி உண்டா?

பிறந்த குழந்தையின் முதல் அழுகையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எந்த நூலிலும் இல்லை. ஆனால் அது கேட்டால்தான் எங்களுக்கு மூச்சு வரும், தாய்க்கு உயிர் வரும். அதைக் கேட்க ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அடுத்த ஆண்டு படகு இறங்கும்! பெரிய நாட்டார் அறிவித்துவிட்டார். முன்பாட்டு மலர்! அதோடு ஒரு புது வழக்கமும் உண்டு. ஆண்டுக்கு ஒருவர், கரையிலிருந்து யாராவது ஒருவர், மலரோடு படகில் ஏறிக் கேட்கலாம். முதல் பெயர் சிவந்தி அம்மாள். நாட்டார் இப்போதே தொண்டையைச் சரி செய்துகொள்கிறாராம், அன்றைக்கு மனைவி பெயரைக் கூவுவது அவர் முறை!

இப்போது முடிக்கப் போகிறேன். முடிப்பதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மேடையும் ஒரு படகுதான். இங்கே நான் உங்களைப் பார்த்து நிற்கிறேன், எனக்குப் பின்னால் கடல் இருக்கிறது, காற்றும் சரியாக இருக்கிறது. எழுந்து நில்லுங்கள். உங்கள் உயிருக்கு உயிரான ஒரு பெயரை நினையுங்கள். வெட்கப்படாதீர்கள், பக்கத்து ஆளும் கூவிக்கொண்டுதான் இருப்பார். நான் வாயை மூடிக்கொள்கிறேன். ம், கூவுங்கள்!

...

ஆகா... ஆகா! கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். இவ்வளவு நேரம் பேசிய பேச்சையெல்லாம் இந்த ஒரு மூச்சுக்கு ஈடு வைக்க முடியாது...

ஒரு நிமிடம். யாரது? அந்தப் பந்தல் கால் பக்கமிருந்து? ‘நர்சம்மா’ இல்லை, ‘ரமாபாய்’ என்று கூவியது யார்?

வேண்டாம். கை தூக்காதீர்கள், சொல்லாதீர்கள். அது மறைந்தே இருக்கட்டும். எனக்குக் கேட்டது, அது போதும்.

பேச வைத்த தலைவருக்கும், கேட்க வைத்த மலருக்கும், கூவி நிறைத்த உங்களுக்கும், பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கடலுக்கும் இந்த ரமாபாயின் நன்றி! ஜெரினாவின் அண்டா திறந்தாயிற்று, வாசனை வருகிறது, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வணக்கம்!